அப்பாவின் யூரின் கேன்: இரண்டு வருஷத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது கையும் வலது காலும் தளர்ந்துவிட்டன. நினைவு நன்றாக இருக்கிறது, உணர்வும் இருக்கிறது. ஒண்ணுக்கு வருவது அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் அடக்கவும் முடியும். எழுந்து கழிவறை வரை போகத்தான் முடியாது. அதனால் கட்டிலிலேயே ஒண்ணுக்குப் போக யூரின் கேன் வைத்திருக்கிறோம். அவரைப் பார்த்துக்கொள்வது அம்மாவும் நானும். அப்பா மகளிடம் கேட்கக் கூச்சப்படுகிற விஷயம் இது என்பதால், எந்தக் கேன் நல்லது என்பதோடு எப்படிக் கொடுப்பது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மருத்துவமனையில் இருந்தபோது ராத்திரியில் அவர் கேன் கேட்டால், "டயப்பர்தான் போட்டிருக்கே, அதிலேயே போங்க தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வேலைப்பளு இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடக்கத் தெரிந்த மனிதரைப் படுக்கையிலேயே போகச் சொன்னால், அடக்கும் பழக்கமே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். ஈரத்திலேயே கிடந்தால் தோலும் புண்ணாகும். அப்பாவுக்குச் சர்க்கரையும் உண்டு. புண் வந்தால் லேசில் ஆறாது. வீட்டுக்கு வந்ததும் பகலில் டயப்பரை நிறுத்திவிட்டோம்.

சர்ஜிக்கல் கடையில் ஸ்டீலிலும் பிளாஸ்டிக்கிலும் கிடைக்கிறது. ஸ்டீல் உடையாது, வாடையும் ஏறாது. ஆனால் மார்கழிக் குளிரில் தொடையில் பட்டால் தூக்கிவாரிப்போடும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. எல்லாவற்றையும் விட அந்தச் சத்தம்! நடுராத்திரியில் வீடு முழுக்கக் கேட்கிறதே என்று அப்பா பாதியில் நிறுத்திவிடுவார். இப்போது ஸ்டீல் பரண்மேல் இருக்கிறது. பயன்படுத்துவது ஒரு லிட்டர் பிடிக்கிற, அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் கேன். கழுத்து சாய்வாக இருக்கும், கைப்பிடி உண்டு, மூடியும் உண்டு. மூடியின் கீல்தான் முதலில் போகிறது. வெயிலில் காயவைத்தால் பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கும், நிழலில் கவிழ்த்து வைப்பதே நல்லது.

கேனை அப்பாவின் இடது பக்கம், கட்டிலோரம் ஒரு சின்ன வாளிக்குள் வைத்திருக்கிறோம். நல்லாயிருக்கிற கை எட்டும் பக்கம் அது. தண்ணீர்ச் சொம்பும் மாத்திரையும் இருக்கிற ஸ்டூலில் மட்டும் வைக்கவே கூடாது. சாப்பிடுகிற இடத்தில் அதைப் பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்?

படுத்தபடி போவது கஷ்டம். தலைமாட்டில் தலையணை அடுக்கி, பாதி உட்கார்ந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முழங்கால்களைக் கொஞ்சம் மடக்கி, தொடைகளை விலக்கி, நடுவில் கேனை வைக்க வேண்டும். அடிப்பாகம் மெத்தையில் படிந்து, வாயைவிடத் தாழ்ந்து இருக்கட்டும். அடியில் ஒரு பழைய துண்டு. உறுப்பு கழுத்துக்குள் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம், விதை நசுங்கக் கூடாது. வயதானவர்களுக்கு உறுப்பு உள்வாங்கி இருக்கும், அதனால் வெளியே சிந்தும். அப்படிப்பட்டவர்களுக்கு ஒருக்களித்துப் படுப்பதோ கட்டிலோரம் உட்காருவதோ சரிப்படும். முடிந்ததும் வாய் மேல்நோக்கி இருக்கும்படி எடுக்க வேண்டும். வைத்தபடியே தூங்கவிட்டால் விளிம்பு தொடையில் அழுந்தித் தடம் விழும்.

இதில் என் பங்கு ரொம்பக் குறைவு. "அப்பா, கேன் தரட்டுமாப்பா?" என்று கேட்பேன். அவர் தலையாட்டினால் கதவைச் சாத்தி, இடுப்புக்கு மேல் போர்வையைப் போட்டு, அதற்கடியில் கைலியை ஒதுக்கிக் கேனை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நிற்பேன். மற்றதை இடது கையாலேயே அவர் பார்த்துக்கொள்வார். ஆரம்பத்தில் "நீ போம்மா, அம்மாவை வரச்சொல்லு" என்பார். அம்மாவுக்கு முதுகுவலி, எப்போதும் வர முடியாது. போர்வையும் கதவும் வந்த பிறகு அந்தப் பேச்சு குறைந்தது. பேண்ட், பைஜாமாவை எல்லாம் மூட்டை கட்டிவிடுங்கள், கைலிக்கு ஈடே கிடையாது. கேனின் வாய்க்கு மேல் இழுத்துக் கட்ட, பழைய வேட்டியில் அம்மா ஓர் உறை தைத்தார். விருந்தாளிகள் இருக்கும்போது கேனைக் கூடத்தின் வழியே எடுத்துப்போக அது வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் அனுமதித்த பிறகு சில வேளைகளில் நின்றபடியும் போகிறார். ராத்திரி தூக்கத்திலிருந்து சட்டென்று எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். ஒண்ணுக்குப் போகும்போதே மயங்கி விழுகிற வயதானவர்கள் உண்டு. அதனால் ஓரிரு நிமிஷம் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்து, தலை சுற்றவில்லை என்று அவர் சொன்ன பிறகே எழுப்புவேன். தளர்ந்த வலது பக்கம், கொஞ்சம் பின்னால் நான் நிற்பேன். தரை காய்ந்திருக்க வேண்டும். தூக்கக் கலக்கமாக இருந்தால் அன்று நிற்பதே வேண்டாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கவனியுங்கள். அடிக்கடி கேட்க வெட்கப்பட்டுப் பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். கேனில் நிறம் அடர்மஞ்சளாக மாறினால் எனக்குப் புரிந்துவிடும். பகலில் நிறையக் கொடுத்து, சாயங்காலத்துக்கு மேல் குறைத்துக்கொள்கிறோம். (இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.) கலங்கலாகப் போனாலோ, எரிச்சல், காய்ச்சல், ரத்தம், திடீரென்று பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். வருகிறது என்று சொல்லியும் வராமல் அடிவயிறு உப்பியிருந்தால் அன்றே, தாமதமில்லாமல்.

சுத்தம் செய்வது பெரிய வேலையில்லை. ஒவ்வொரு முறையும் உடனே கொட்டிப் பச்சைத் தண்ணீரில் அலசி, நாளுக்கு ஒருமுறை சோப்புப் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். அடியில் படிகிற வெள்ளைக் கறைக்கு வினிகர் கலந்த தண்ணீரை ஊற்றி ஊறவைப்பேன். பிளீச்சிங் பவுடரை வினிகரோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும். உறுப்பையும் ஈரத்துணியால் துடைத்துவிடுவது நல்லது. பின்னால் தள்ளிய முன்தோலை மறுபடி முன்னால் கொண்டுவர மறந்தால் வீங்கி மாட்டிக்கொள்ளும். துடைப்பவர் யாராக இருந்தாலும் இதைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

வாங்குவதென்றால் இரண்டாக வாங்குங்கள். ஒன்று காயும்போது இன்னொன்று கைக்கு எட்டும். கடையிலேயே மூடியைப் பத்துத் தடவை திறந்து மூடிப் பாருங்கள், கைப்பிடிக்குள் நான்கு விரலும் நுழைகிறதா என்றும் பாருங்கள். முடிந்தால், பயன்படுத்தப் போகிறவரிடமே கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் கடைசியாக வாங்கியதை அப்பாவே தேர்ந்தெடுத்தார்.