பழைய இன்ஜின் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: எங்கள் 38,500 ரூபாய் போனது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பழைய வண்டிகளும் உதிரிச் சாமான்களும் வாங்க, விற்க ஒரு ஆப் இருக்கிறது. அதில் விளம்பரம் போட்டிருந்த ஒரு பழைய இன்ஜின் கடைக்காரரிடம் 38,500 ரூபாய் கொடுத்தோம். வந்து சேர்ந்தது ஒன்றுக்கும் உதவாத இரும்பு. பணம் என் ஒருவனுடையது இல்லை, ஆறு பேர் சேர்த்துப் போட்டது. அதனால்தான் வயிறு எரிகிறது.

நாங்கள் மண்டபம் பக்கத்து ஆட்கள். ஒருவர் விசைப்படகு மெக்கானிக், எங்கள் எல்லோருக்கும் அண்ணன். என் மச்சான் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு பேர் கடலுக்குப் போகிறவர்கள், ஒரு தம்பி லோடு ஆட்டோ ஓட்டுகிறான், நான் மொபைல் கடை வைத்திருக்கிறேன். மலிவாக ஒரு பழைய காரை வாங்கி, நாங்களே பிரித்துக் கட்டி, நீண்ட நேரப் பந்தயம் ஓட்ட வேண்டும் என்பது எங்கள் ஆசை. அமெரிக்காவில் 2006 முதல் 24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ் என்ற பந்தயம் நடக்கிறது. காருக்கு 500 டாலருக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்பது அதன் அடிப்படை விதி. ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புக் கூடு), சீட், பெல்ட் மாதிரி உயிர் காக்கும் சாமான்கள் அந்தக் கணக்கில் வராது. அந்த விதி எங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வசதி உள்ளவன்தான் பந்தயம் ஓட்ட முடியும் என்பதை உடைக்கிற விதி அது. நம் ஊரிலும் இந்த எண்ணம் புதிதில்லை. மாருதி 800 இன்ஜினை வைத்தே குறைந்த செலவில் பந்தயக் கார் கட்டியவர் கரிவர்தன். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள டிராக் அவர் பெயரில்தான் இருக்கிறது. எங்களை மாதிரி சில டீம்கள் காசு போட்டு டிராக்கை வாடகைக்கு எடுத்து நாலு மணி நேரம் ஓட்டுவதாகப் பேச்சு. அதற்குத்தான் இவ்வளவு பாடும்.

கார் ஒரு மாருதி எஸ்டீம். 1298 சிசி இன்ஜின், எடை குறைவு, சாமானும் கிடைக்கும், பந்தயக்காரர்களுக்குப் பழகிய மாடல். பரமக்குடியில் பிடித்தோம். கடற்கரை வண்டி வேண்டவே வேண்டாம் என்று அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார். உப்புக் காற்றில் நின்ற வண்டியில் ஃபுட்போர்டும் தளத் தகடும் பெயிண்டுக்கு உள்ளேயே அரித்துப் போயிருக்கும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், கட்டை விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகும். அந்தத் தகட்டில் ரோல் கேஜின் காலை ஊன்றி வெல்டிங் வைத்தால், வண்டி கவிழும்போது கேஜ் பிய்ந்துகொண்டு வந்துவிடும். எங்களுக்குக் கிடைத்த எஸ்டீமில் பாடி சுத்தம், இன்ஜின்தான் சுற்றாமல் இறுகிப்போயிருந்தது. அது தெரிந்தே, அதற்கேற்ற விலைக்கு வாங்கினோம்.

வேலையை மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொண்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கடலுக்குப் போகாது, அப்போதுதான் எல்லோரும் கரையில் இருப்பார்கள். சீட், கார்ப்பெட், கதவு அட்டை எல்லாவற்றையும் கழற்றி எறிந்தோம். மச்சான் 45 மி.மீ. சீம்லெஸ் பைப்பில் ரோல் கேஜ் வளைத்தார். 2.5 மி.மீ. தடிமன் கிடைக்கும்வரை காத்திருந்தாரே தவிர, பட்டறையில் கிடந்த தண்ணீர்க் குழாயைத் தொடவில்லை. வளைவில் வண்டி சாயும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சிவிடக் கூடாது என்று, இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகூட வைத்தோம். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர்களைத்தான் அந்த ஆள் ஏமாற்றியிருக்கிறான்.

நாலு மணி நேரம் ஓட வேண்டிய வண்டிக்கு இன்ஜின் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சுற்று வேகமாகப் போவது இங்கே பெரிய விஷயமே இல்லை. டிரைவர் மாறி மாறி உட்காருவார், இன்ஜினுக்கு ஓய்வு கிடையாது. சூட்டில் ஆயில் இளகும், தண்ணீர் அழுத்தம் ஏறும். டவுனுக்குள் பத்து வருடம் ஓடிவிடக்கூடிய ஒரு சின்ன விரிசல் அங்கே அரை மணி நேரம் தாங்காது. அதனால், யாரும் பிரிக்காத, சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தாமல் ஸ்டாண்டர்ட் போரில் இருக்கிற இன்ஜின்தான் வேண்டும், விலை கூடினாலும் பரவாயில்லை என்று முடிவு செய்தோம்.

விளம்பரத்தில் அப்படியேதான் போட்டிருந்தது: 'கம்பெனி ஃபிட்டிங், பிரிக்காத இன்ஜின்'. கூப்பிட்டேன். வீடியோ காலில் கடையைச் சுற்றிக் காட்டினார். ஸ்டாண்டில் மாட்டியிருந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார். ஆயில் மூடியைத் திறந்து காட்டச் சொன்னார், காட்டினார். பிளக்கைக் கழற்றச் சொன்னார், நாலும் செங்கல் நிறத்தில் சரியாக எரிந்திருந்தது. சிலிண்டர் அழுத்தம் பார்க்க கம்ப்ரஷன் கேஜ் போடச் சொன்னார், நாலு சிலிண்டரும் ஒரே அளவு. பிளாக்கில் அடித்திருக்கிற நம்பரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம், அதுவும் வந்தது. இதற்கு மேல் தொலைவில் இருந்துகொண்டு ஒரு மனிதன் என்னதான் பார்க்க முடியும்?

விலை 35,500 என்றார். எதற்கு இன்ஜின் என்று கேட்டார், சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார், மண்டபம் என்றேன். உடனே குரலே மாறிவிட்டது. "தம்பி, எங்க அம்மா ஊரு தேவிபட்டினம். நவபாஷாணத்துக்குப் பக்கத்துலதான் வீடு. கடலுக்குப் போற ஜனங்க காசுல நான் லாபம் பார்க்க மாட்டேன். அடக்க விலை 34,000, அதைக் கொடுங்க போதும்" என்றார். கேட்காமலே 1,500 ரூபாயைக் குறைத்தார். அண்ணன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அத்தனை நேரம் ஒவ்வொன்றாகக் குடைந்து கேட்டுக்கொண்டிருந்த மனிதர், அதற்குப் பிறகு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நம்ம ஊர்த் தாய் வழி ஆள் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. அந்தச் சொல்லைத்தான் அவன் விற்றான்.

10,000 ரூபாய் முன்பணம், மீதி ஏற்றுவதற்கு முன்பு. மரச் சட்டம் அடித்து லாரி பார்சலில் போட 4,500. ஆக 38,500 ரூபாய். பில் கேட்டதற்கு, "ஆடிட்டர் போட்டு அனுப்புவார், பின்னாலேயே வரும்" என்றார். இன்றுவரை வரவில்லை.

பார்சல் ஆபீஸில் இருந்து லோடு ஆட்டோவில் ஏற்றி வரும்போதே அண்ணன் முகம் சரியில்லை. இன்ஜின் முழுக்கப் புது சில்வர் பெயிண்ட். வீடியோவில் பார்த்தது ஆயில் கறையோடு இருந்த இன்ஜின். பழைய இன்ஜினுக்குப் பெயிண்ட் அடிப்பது ஒன்றை மறைக்கத்தான் என்றார். நம்பரைத் துடைத்துப் பார்த்தோம். படத்தில் வந்த நம்பர் வேறு, இதில் இருப்பது வேறு. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே தயிர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். பிளாக்கின் பக்கவாட்டில் ஓர் இடத்தில் பெயிண்ட் கொஞ்சம் மேடாக இருந்தது. அண்ணன் ஸ்க்ரூ டிரைவர் முனையால் மெல்லச் சுரண்டினார். பெயிண்ட் உரிந்தது, அதற்குக் கீழே ஓட்டை அடைக்கிற எம்-சீல் பசை. அதையும் பெயர்த்தால் தண்ணீர் ஓடும் பாதையில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். இது அலுமினிய பிளாக். எம்-சீலை வைத்து அடைத்து, உலர்ந்த பிறகு அரத்தால் தேய்த்து, மேலே சில்வர் அடித்திருக்கிறார்கள். யாரோ ஒருவன் நிதானமாக உட்கார்ந்து செய்த வேலை.

இன்ஜினின் மேல் பகுதியான ஹெட்டைக் கழற்றினோம். பிஸ்டன் தலையில் 0.50 என்று அடித்திருந்தது. அதாவது இந்த இன்ஜின் ஏற்கெனவே போர் போட்டு, அதாவது சிலிண்டரைக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனில் கடைசி அளவும் போட்டாகிவிட்டது. பிரிக்காத இன்ஜினாம்! மதுரையில் போர் போடும் லேத்துக்கு பிளாக்கைக் கொண்டுபோனோம். கேஜை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல போர் போட இடம் இல்லைங்க, நாலுக்கும் லைனர் மாத்தணும். விரிசலுக்கு அலுமினிய வெல்டிங் வெச்சாலும் நான் கேரன்டி தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அந்தச் செலவுக்கு இன்னொரு இன்ஜினே வாங்கிவிடலாம்.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில், "லாரியில் அடிபட்டிருக்கும் தம்பி, பார்சல் ஆபீஸில் கேளுங்க" என்றார். லாரியில் அடிபட்டால் எம்-சீல் ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டேன். அடுத்த முறை பேசியபோது, "ஹெட்டை யார் கழட்டச் சொன்னது? கழட்டிட்டீங்கன்னா வாரண்டி போச்சு" என்றார். கழற்றாமல் எப்படித் தெரியும்? நம்பர் மாறியிருப்பதைச் சொன்னதும், "கடையில நாலஞ்சு இன்ஜின் கிடக்கு, பையன் போட்டோவை மாத்தி அனுப்பியிருப்பான்" என்றார். அப்படியென்றால் வீடியோவில் காட்டிய இன்ஜினை அனுப்புங்கள் என்றேன். அது விற்றுவிட்டதாம். கடைசியாக, "பந்தயத்துக்குன்னு நீங்களே சொன்னீங்கல்ல, பந்தய வண்டிக்கு எவன் வாரண்டி கொடுப்பான்?" என்று திருப்பினார். தேவிபட்டினத்தில் எந்தத் தெரு, யார் வீடு என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். இப்போது என் நம்பரை பிளாக் செய்திருக்கிறார். தம்பி நம்பரில் இருந்து கூப்பிட்டால், மண்டபம் என்ற சொல்லைக் கேட்டதும் கட் ஆகிறது.

ஆப் காரர்கள் இன்னும் மோசம். புகார் கொடுத்தால் மெஷின் பதில் சொல்கிறது. மனிதரிடம் பேச வழியே இல்லை. வீடியோ, படங்கள், பணம் போன ரசீது எல்லாவற்றையும் ஏற்றினேன். நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைக்கும் இடம் மட்டுமே, பணப் பரிமாற்றத்துக்குப் பொறுப்பில்லை என்று பதில் வந்தது, புகார் முடிக்கப்பட்டது என்றும் வந்தது. யார் முடித்தது? அந்த விளம்பரம் இன்று காலைவரை அப்படியே இருக்கிறது. அதே வீடியோ, அதே 'பிரிக்காத இன்ஜின்'. போலீஸ் ஸ்டேஷனில், "பொருள் வந்துடுச்சுல்ல தம்பி, அப்ப இது சிவில்" என்றார்கள். கல்லைப் பார்சல் கட்டி அனுப்பினாலும் பொருள் வந்ததாகத்தான் கணக்கா?

38,500 ரூபாய் என்றால் பெரிய ஊர்க்காரர்களுக்கு ஒரு போன் விலை. இங்கே தடைக்காலத்தில் ஒரு மீனவக் குடும்பத்துக்கு அரசு கொடுக்கும் நிவாரணம் 8,000 ரூபாய். கிட்டத்தட்ட ஐந்து குடும்பத்தின் நிவாரணத்தை ஒருவன் வாய்ப் பேச்சில் வாங்கிக்கொண்டான். எங்களில் கடலுக்குப் போகிற இரண்டு பேரும், வருமானம் இல்லாத அந்த மாதங்களில் வீட்டில் பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்த காசு இது. அவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அவர்கள் வீட்டில் கேட்பார்கள்தானே? செட்டிபாளையத்துக்கு இந்த முறை நாங்கள் போகப்போவதில்லை. கேஜ் போட்டு, பெல்ட் மாட்டி, பெயிண்ட் அடித்து நிற்கிறது வண்டி, பானெட்டுக்குக் கீழே வெறும் குழி.

வாங்கப்போகிறவர்களுக்கு விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது அதற்கு மனம் இல்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேரில் போகாமல் இன்ஜின் வாங்காதீர்கள். போக முடியாவிட்டால் அந்த ஊரில் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அனுப்புங்கள், அவருக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் நஷ்டமில்லை. புதுப் பெயிண்ட் அடித்த பழைய இன்ஜினைத் தொடவே தொடாதீர்கள். நம்பர் எழுதிய பில் கைக்கு வராமல் மீதிப் பணத்தைப் போடாதீர்கள். யுபிஐயில் வரும் பெயரும் கடைப் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள், எங்களுக்கு வேறு யாரோ ஒரு பெண் பெயர் வந்தது, 'வீட்டம்மா கணக்கு' என்றார். பார்சலைப் பிரிக்கும்போது ஆரம்பத்தில் இருந்து வீடியோ எடுங்கள், நாங்கள் எடுத்தோம், அது ஒன்றுதான் இப்போது கையில் இருக்கிற பலம். பணம் போனது தெரிந்தவுடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள், நாள் தள்ளத் தள்ள அந்தக் கணக்கில் பணம் மிச்சம் இருக்காது. நுகர்வோர் புகாருக்கு 1915. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, விற்றவன் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

நாங்களும் அதைத்தான் செய்யப்போகிறோம். ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலிடம் காகிதங்களைக் கொடுத்தாகிவிட்டது. அண்ணன், "விடுடா, இரும்பு விலைக்குப் போட்டுட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்" என்கிறார். நான் விடுவதாக இல்லை. அந்த இன்ஜினை இரும்புக் கடைக்கும் போட மாட்டேன். மச்சான் பட்டறையில் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறோம், எம்-சீல் ஒட்டிய இடம் பெயர்த்தபடியே இருக்கிறது. இதே மாதிரி வீடியோ காட்டி, தேவிபட்டினம் கதை சொல்லி, வேறு யாரிடமாவது இந்த ஆள் பணம் வாங்கியிருந்தால் உங்களுக்கு வந்த இன்ஜின் நம்பரைச் சொல்லுங்கள், வழக்கில் சேர்த்துக்கொள்கிறோம்.