உயிர்த்தீனிப் பையில் வரும் தலைப்பிரட்டை: விராலுக்கு இரை, தொட்டிக்குத் தீனி அல்ல

ஐப்பசி மழை பிடித்ததும் உயிர்த்தீனி என்று சொல்லிப் பாலிதீன் பையில் கட்டித் தரப்படும் தலைப்பிரட்டையைப் பற்றிய மதிப்பீடு இது. நூறு உருப்படி கொண்ட பை, கால்வாசி தண்ணீர், மீதி காற்று. விரால் தூண்டிலுக்கு இரை என்று எடுத்துக்கொண்டால் ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். வீட்டுத் தொட்டி மீனுக்கு அன்றாடத் தீனி என்றால் ஒன்றுக்கு மேல் கொடுக்க முடியாது. அந்த ஒன்றும், பையைப் பிரித்துத் தரம் பார்த்துப் பொறுக்கத் தெரிந்தவர்களுக்குத்தான்.

பொறுக்குவதுதான் இதில் பெரிய வேலை. எல்லாம் ஒரே பெயரில் வருகிறது, உள்ளே இருப்பதோ நாலு வகை. ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் வையுங்கள். மை போலக் கறுத்து, உளுந்து அளவு உடம்போடு, ஒன்றை ஒன்று ஒட்டிக் கூட்டமாகத் திரிந்தால் அது தேரைக்குஞ்சு. தேரையின் நஞ்சு அதன் முட்டையிலும் குஞ்சிலும் உண்டு. பெரும்பாலான மீன்கள் கவ்விய வேகத்தில் துப்பிவிடும். தீனியாகவும் உதவாது, இரையாகவும் உதவாது. பையில் பாதிக்கு மேல் இது இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், தயங்க வேண்டாம்.

தவளைக்குஞ்சு பழுப்பாகவோ பாசி நிறமாகவோ இருக்கும். கண்ணாடி டம்ளரில் விட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். வயிற்றுத் தோலுக்குள் குடல் கொசுவத்திச் சுருள் மாதிரி வளையம் வளையமாகத் தெரியும். பாசியும் சேறும் தின்னும் பிராணி, அதனால் அவ்வளவு நீளக் குடல். நடுத்தண்ணீரில் அசையாமல் தொங்கும் கண்ணாடி நிறப் பொடிசுகள் மூன்றாவது வகை, அவையும் தவளைக்குஞ்சுதான். அவை தங்கமீனுக்கு ஆகும், தூண்டில் முள்ளில் நிற்காது.

நாலாவது வகை பச்சைப் பெருந்தவளையின் குஞ்சு. இது பாசியோடு நிற்காது, மற்ற தலைப்பிரட்டைகளையே பிடித்துத் தின்னும். பையில் வாலறுந்த உருப்படிகள் நாலைந்து கிடந்தால் காரணம் இதுதான். மீன்குஞ்சு விட்ட தொட்டியில் இது போனால் குஞ்சும் மிஞ்சாது. அதோடு இந்தப் பெருந்தவளை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கும் இனம். தவளைக்கால் ஏற்றுமதியை நாடு 1987-ல் நிறுத்தியது. பிசானப் பருவ நெல்லில் பூச்சியைத் தின்று நிற்கிற பிராணியை வயலிலிருந்து வலைபோட்டு அள்ளி விற்பது நல்ல வியாபாரம் இல்லை. "எங்கே பிடித்தது?" என்று கேளுங்கள். பதில் வயல் என்றால் வாங்காதீர்கள். மருந்தடித்த வரப்போரத் தண்ணீரில் வளர்ந்தது அந்த மருந்தையும் சுமந்துகொண்டுதான் வரும். கூந்தன்குளம் மாதிரிச் சரணாலயக் குளங்களில் கை வைப்பது பற்றிப் பேச்சே வேண்டாம்.

இனி தீனிக் கணக்கு. 8 அடி நீளம், 5 அடி அகலம், 3 அடி ஆழத் தொட்டி சுமார் 3,400 லிட்டர் பிடிக்கும். அதில் 200 கிராம் விரால் பத்து நின்றால் மொத்தம் 2 கிலோ மீன். உடல் எடையில் 3 சதவீதம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 60 கிராம் மிதவைத் தீனி (தண்ணீரில் மிதக்கும் காய்ந்த உருண்டைத் தீனி) போதும். தலைப்பிரட்டையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்த 60 கிராமுக்கு ஈடு கொடுக்க அரைக் கிலோவுக்கு மேல் வேண்டும். ஒன்று அரை கிராம் என்றால் ஆயிரம் உருப்படி, அதாவது நாளொன்றுக்குப் பத்துப் பை. பை என்ன விலைக்கு வந்தாலும் இந்தக் கணக்கு தேறாது. உயிருள்ள இரையின் ருசி கண்ட விரால் மிதவைத் தீனியை ஒதுக்கத் தொடங்குவது இன்னொரு தொல்லை. திரும்பப் பழக்க நாள் பிடிக்கும்.

கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்பவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். கட்லா மேல்தண்ணீரில் நுண்ணுயிரை வடிகட்டித் தின்கிறது, மிர்கால் அடிமண்டியைத் தின்கிறது. தலைப்பிரட்டையை அவை சீந்தாது. நீங்கள் போடும் தவிட்டிலும் புண்ணாக்கிலும் தலைப்பிரட்டைதான் பங்குக்கு வரும்.

வாங்கியே ஆக வேண்டுமென்றால் பைத்தண்ணீரை ஒருபோதும் தொட்டியில் ஊற்றாதீர்கள். தும்பியின் இளம்புழு, நீர்வண்டு, மீன்பேன் எல்லாம் அந்தத் தண்ணீரில் வரும். ஊசிப்புழு தலைப்பிரட்டையின் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டும் வரும். பையை வேறு வாளியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, கொசுவலையில் வடித்து, தண்ணீரைச் செடிக்குக் கொட்டிவிடுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்தது வேண்டும், குளோரினைத் தலைப்பிரட்டை தாங்காது. வாளியில் இரண்டு நாள் நிற்கட்டும், குடலில் இருக்கும் சேறும் கழிந்துவிடும். செத்ததை அன்றன்றே எடுங்கள். தொட்டியில் பத்து அழுகினால் தண்ணீர் நாறும். விரால் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும், கூட நிற்கும் கெண்டை பிழைக்காது.

தூண்டில் விஷயத்தில் மட்டும் இதற்கு மதிப்பு உண்டு. பின்கால் முளைத்து முன்கால் முளைக்காத பருவம்தான் சிறந்தது, வால் தடித்து நன்றாகத் துடிக்கும். முள் மெல்லிய கம்பியில் இருக்க வேண்டும். வால் தொடங்கும் இடத்தில் மேல்தசையில் மட்டும் குத்தி எடுங்கள், நடுத்தண்டைத் தொடக்கூடாது. வயிற்றில் பட்டால் குடல் வெளியே வந்து ஒரு நிமிடத்தில் துடிப்பு நின்றுபோகும், அசையாத இரையை விரால் ஏறிட்டும் பார்க்காது. ஈயக்குண்டு வேண்டாம். தக்கைக்குக் கீழே ஒன்றரை அடி விட்டு, ஆகாயத்தாமரை ஓரத்தில் மெதுவாக இறக்குங்கள். வீசி எறிந்தால் இரை கிழிந்துவிடும். தக்கை அமிழ்ந்தவுடன் வெட்டி இழுக்காமல் மூன்று எண்ணி இழுங்கள். விரால் முதலில் கவ்விக்கொண்டு நகரும், பிறகுதான் விழுங்கும். குஞ்சுக் கூட்டத்தோடு நிற்கும் விராலைப் பிடிக்காதீர்கள், காவல் போனால் அந்தக் குஞ்சு முழுவதும் அழியும்.

பத்திருபது இரைக்குப் பை வாங்கவும் தேவையில்லை. மழைக்காலத்தில் சிமெண்டுத் தொட்டியின் உள்சுவரில், தண்ணீருக்குச் சற்று மேலே, சோப்பு நுரையைக் கையால் அப்பி வைத்தது போல வெள்ளையாக ஒன்று ஒட்டியிருக்கும். அது மரத்தவளையின் கூடு. சுரண்டி எறியாதீர்கள். சில நாளில் நுரை இளகி, குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் சொட்டும். மீன் இல்லாத தனித்தொட்டியில் விட்டு, வேகவைத்த அரைக்கீரையைக் கிள்ளிப் போட்டால் வளரும். மாலையில் மிஞ்சிய கீரையை எடுத்துவிட வேண்டும். இரைக்கு எடுத்தது போக மீதி ஏறிப்போகட்டும் என்று தண்ணீருக்கு மேல் தலை தெரியும்படி ஒரு செங்கல்லைச் சாய்த்து வையுங்கள். முன்கால் வந்து வால் சுருங்கும் நேரத்தில் ஏற இடம் இல்லாவிட்டால் அத்தனையும் மூழ்கிச் சாகும்.