நிலைக்கால் பிழைத்தது: ஓர் ஆசாரி பட்டறை பற்றி

செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கத்தில் எங்கள் மாமனார் வீடு. 1934-ல் கட்டியது. முகப்பு நிலைக்கதவு முழுக்கப் பர்மாத் தேக்கு, எட்டடி உயரம். இந்தத் தை மாதம் என் வீட்டுக்காரருக்குச் சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்பதால், அதற்குள் கதவைச் சரிசெய்ய நினைத்தோம். கதவைத் தாங்கும் சட்டத்தின் இடது நிலைக்காலின் அடியில் விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போனது.

பதினைந்து வருஷத்துக்கு முன் பங்காளிகள் எல்லோரும் பேசி, கதவுக்குச் சாக்லேட் நிற எனாமல் பெயிண்ட் அடித்தோம். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்ததுதான். மழைச்சாரல் காலின் அடியில் வெட்டிய முனை வழியாக மரத்துக்குள் ஏறும். பெயிண்ட் மூடியிருந்தால் வெளியே வர வழியில்லை. உள்ளேயே நின்று காலை அழுக வைத்துவிட்டது. பழைய வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து தேக்குக்கு எனாமல் அடிக்காதீர்கள்.

பார்க்க வந்த இரண்டு காண்ட்ராக்டர்கள் நிலையையே பிடுங்கிப் புதிது போடச் சொன்னார்கள். மூன்றாவதாக, காரைக்குடிக்கு வெளியே பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு பட்டறையிலிருந்து ஆசாரி ஒருவர் வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கொட்டாப்புளியின் (மரச் சுத்தியலின்) பிடியால் நிலையை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தார். சத்தம் மாறிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். “ஆச்சி, இதுக்கு மேல பூரா இரும்பு. ஒண்ணரை அடிதான் போயிருக்கு. அதுக்காக நிலையைக் கழட்டுறது பாவம்” என்றார். வேலையை அவருக்கே கொடுத்தோம்.

புது மரம் வேண்டாம், காய்ந்து சுருங்கி ஒட்டு விட்டுவிடும் என்று, காரைக்குடியில் பழைய வீட்டு மரச்சாமான் விற்கும் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு எங்களையும் கூட்டிப்போய், இடித்த வீட்டு உத்தரத்துண்டு ஒன்றைப் பொறுக்கினார். ரேகை நிலைக்காலோடு ஒத்துப்போகிறதா என்று ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அந்தத் தெருவில் சாத்தி வைத்திருக்கும் கதவுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். ஒவ்வொன்றும் ஒரு வீட்டு வாசலில் நின்றது.

ஒட்டுப் போட்ட விதத்தைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். பழைய காலைச் சாய்வாக வெட்டி, புதுத் துண்டிலும் அதே சாய்வை எடுத்து, நடுவில் ஒன்றை ஒன்று கடிக்கும்படி ஒரு படி விட்டார். குறுக்கே மர ஆணி. நிலைக்காலில் ஒரு துளை, ஒட்டுத்துண்டில் ஒரு துளை. இரண்டும் நேராக இல்லை, அரை நூல் தள்ளி இருந்தது. தப்பாகிவிட்டதோ என்று கேட்டேன். “ஆணி அடிக்கும்போது அதுவே இழுத்து இறுக்கும் ஆச்சி” என்றார். கூர்சீவிய ஆணியை அடிக்க அடிக்க, இரண்டு மரத்துக்கும் நடுவில் தெரிந்த மயிரிழைக் கோடு என் கண்முன் மூடிக்கொண்டது. ஓர் இரும்பு ஆணிகூட இல்லை.

பெயிண்டை ஹீட் கன்னால் இளக்கி, சுரண்டியே எடுத்தார். காஸ்டிக் சோடா போட்டால் தேக்கு கறுத்துவிடுமாம். நிலைக்கு மேலே இருக்கும் சூரியப்பலகையில் கஜலட்சுமிக்கு இரண்டு பக்கமும் கிளிகள். இடது கிளிக்கு மூக்கு உடைந்திருந்தது. பெயிண்ட் போன பிறகுதான் தெரிந்தது, வலது கிளிக்குச் சிறகில் ஏழு வரி, இடதுக்கு ஆறு. மூக்கை மட்டும் செதுக்கி ஒட்டினார். இன்னொரு வரியும் போட்டுச் சமமாக்கலாமே என்றதற்கு, “அது முதல்ல செதுக்கினவர் கை. நான் தொடக் கூடாது” என்று சொல்லிவிட்டார்.

கஜலட்சுமிக்குத் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தாள்) ஒட்ட எனக்கு ரொம்ப ஆசை. அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ரேக்குக்கு அடியில் போடும் சுக்கான் மாவும் பசையும் தஞ்சாவூர்ப் படத்தில் கண்ணாடிக்குள் நிற்கும், சாரல் அடிக்கும் முகப்பில் ஊறி எழும்பிவிடும் என்றார். தங்கப் பெயிண்ட் அடிக்கலாமா என்று நான் கேட்கவே இல்லை. கடைசியில் லின்சீட் ஆயிலும் டர்பன்டைனும் கலந்து மூன்று பூச்சு. அவ்வளவுதான்.

குறை என்றால், மூன்று வாரம் என்றவர் ஏழு வாரம் எடுத்தார். நடுவில் ஒன்பது நாள் ஆளே வரவில்லை, போனும் எடுக்கவில்லை. கணக்கை எழுதிக் கொடுக்கவும் மாட்டார், நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். ஒட்டுப் போட்ட இடம் வெயிலில் கொஞ்சம் வெளிறித் தெரிகிறது. இரண்டு வருஷத்தில் ஒத்துப்போகும் என்கிறார். நாள் குறித்த விசேஷம் இருந்தால் நாலு மாதம் முன்னாலேயே பிடித்துவிடுங்கள்.

மரம் 21,000 ரூபாய், கூலி 69,000. வீட்டில் பங்குள்ள ஐந்து புள்ளிக்கும் (குடும்பத்துக்கும்) பிரித்ததில் ஆளுக்கு 18,000. புது நிலைக்குக் காண்ட்ராக்டர்கள் சொன்னது இதைவிட மூன்று மடங்கு.

வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) இன்னும் இரண்டு கதவு இருக்கிறது. சாந்தி முடிந்ததும் வரச் சொல்லி அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.