வியன்னா ஜெயன்ட் வீலுக்கு ஆன்லைனில் டிக்கெட் போடுவதற்கு முன்

வியன்னாவுக்குப் போகிறவர்கள் பிராட்டர் பூங்காவில் இருக்கும் பழைய ஜெயன்ட் வீலில் ஏறாமல் திரும்புவது அபூர்வம். 'ரீசன்ராட்' என்பது ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர். 1897-இல் கட்டியது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு டிக்கெட் வாங்கித் தருகிறோம் என்று இணையத்தில் கடை விரித்திருக்கும் இடைத்தரகர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ராட்டினத்தை நடத்துகிறவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எங்களிடம் காசைப் பிடுங்கியது வேறு ஆள்.

மாமனார் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பயணத்தில் அவராக வாய்விட்டுக் கேட்டது இந்த ஒரு இடத்தைத்தான். "அரண்மனையெல்லாம் நீங்க ரெண்டு பேரும் பாருங்க மாப்ள, எனக்கு அந்தச் சக்கரம் எப்படிச் சுத்துதுன்னு பார்க்கணும்" என்றார். முழங்கால் வலிக்காரர், வரிசையில் நிற்க வைக்க வேண்டாமே என்று ஊரிலிருந்தே டிக்கெட் போட்டுவிட முடிவு செய்தோம்.

தேடியதும் எல்லாவற்றுக்கும் மேலே வந்த தளம் அப்படியே அசல் போல இருந்தது. சிவப்புப் பெட்டிகளின் படம், ராட்டினத்தின் பெயரிலேயே முகவரி, பக்கத்தில் 'இன்றைக்குச் சில டிக்கெட்டுகளே மீதம்' என்று ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். ஆள் ஒருவருக்கு அவர்கள் போட்டிருந்த விலை, கவுன்ட்டர் விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது நேரில் போன பிறகுதான் தெரிந்தது. அந்த விலைக்குள் என்னென்ன அடக்கம் என்று பச்சை டிக் போட்டு வரிசையாகக் காட்டியிருந்தார்கள்: பிராட்டர் பூங்கா நுழைவு, கண்காட்சி அரங்க நுழைவு, வரிசையில் நிற்காமல் ஏறும் வசதி, ஒரு சுற்றுச் சவாரி.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தாலே விஷயம் புரியும். பிராட்டர் ஒரு காலத்தில் அரச குடும்பத்தின் வேட்டைக்காடு. 1766-இல் பேரரசர் இரண்டாம் யோசேப்பு அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். இன்றைக்கும் அங்கே உள்ளே நுழையக் கட்டணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கமிருந்தும் நடந்து போகலாம், ஏறுகிற ராட்டினத்துக்கு மட்டும் அங்கங்கே காசு கொடுத்தால் போதும். நுழைவுச்சீட்டே இல்லாத பூங்காவுக்கு நுழைவுச்சீட்டு விற்றிருக்கிறார்கள்! அடுத்து கண்காட்சி. ராட்டினத்தில் ஏறப் போகும் வழியிலேயே, பெட்டிகளுக்குள் வியன்னாவின் வரலாற்றைச் சின்னச் சின்ன மாதிரிகளாக அமைத்து வைத்திருக்கிறார்கள். நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது சாதாரண டிக்கெட்டிலேயே அடக்கம், தனியாக விற்க ஒன்றுமில்லை. ஆக, இலவசமாகக் கிடைப்பதையும் எல்லோருக்கும் கிடைப்பதையும் அடுக்கிக் காட்டி விலையை ஏற்றியிருக்கிறார்கள். மிச்சம் இருப்பது சவாரி ஒன்றுதான். அதையாவது கொடுத்தார்களா என்றால், அதுவும் இல்லை.

பணம் கட்டிய பிறகு மின்னஞ்சலில் வந்தது டிக்கெட் இல்லை, வவுச்சர். அடியில் பொடி எழுத்தில் இப்படி இருந்தது: இதைக் காட்டி ராட்டினத்தில் ஏற முடியாது, பிராட்டர்ஸ்டெர்ன் ரயில் நிலைய வாசலில் பச்சைக் குடையோடு நிற்கும் எங்கள் ஊழியரிடம் கொடுத்து டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளவும். பணம் கட்டும் வரை இந்த வாசகம் எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய் நின்றோம். பிராட்டர்ஸ்டெர்ன் பெரிய நிலையம். மெட்ரோ, புறநகர் ரயில், டிராம் எல்லாம் சந்திக்கும் இடம், வாசலும் ஒன்றல்ல. ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பார்த்தோம், பச்சைக் குடை எதுவும் இல்லை. வவுச்சரில் இருந்த எண்ணுக்கு அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி, '5 நிமிடத்தில் வருகிறேன்' என்று. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே 5 நிமிடம். இத்தனைக்கும் நாங்கள் நின்ற இடத்திலிருந்தே ராட்டினம் கண்ணுக்கு எதிரே தெரிகிறது. "இந்தா தெரியுதே மாப்ள, நடந்தே போயி அங்கேயே கேட்டுடலாமே" என்று மாமா ஆரம்பத்திலேயே சொன்னார்.

சரி என்று கடைசியில் நடந்தோம். கவுன்ட்டரில் இருந்த பெண்மணி வவுச்சரில் இருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பார்த்தார், இயந்திரம் ஏற்கவில்லை. "இது எங்களுடையது இல்லை" என்றார். கோபமோ ஆச்சரியமோ இல்லாமல், தினமும் சொல்கிற வார்த்தையைச் சொல்வது போலச் சொன்னார். பக்கத்தில் வரிசை என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை, எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் மட்டும் நின்றது. மறுபடியும் காசு கொடுத்து மூன்று டிக்கெட் வாங்கினோம். நாங்கள் டிக்கெட்டைக் கையில் வாங்கும்போது அந்த ஊழியரிடமிருந்து செய்தி வந்தது: 'நீங்கள் குறித்த நேரத்துக்கு வரவில்லை, முன்பதிவு முடிந்தது.'

சவாரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு யாரும் ராட்டினத்தையே தவிர்த்துவிடக் கூடாது. 64.75 மீட்டர் உயரம், மெதுவாக ஊர்ந்து போகிறது. பெட்டி ஒரு சின்ன அறை அளவுக்கு இருக்கிறது, உள்ளே நின்றபடி எல்லாப் பக்கமும் நடந்து பார்க்கலாம். கட்டியவர் வால்டர் பாசெட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1916-இல் இடித்துவிட அனுமதியே வாங்கிவிட்டார்களாம், இடிக்கப் பணம் இல்லாததால் தப்பியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் எரிந்து, 1947-இல் மறுபடி ஓடத் தொடங்கியது. முதலில் 30 பெட்டிகள் இருந்தன, போருக்குப் பிறகு 15 மட்டுமே மாட்டினார்கள். மாமா நகரத்தைப் பார்க்கவே இல்லை. ஆரங்கள் எல்லாம் இரும்புச் சட்டமாக இல்லாமல் இழுத்துக் கட்டிய கம்பி வடங்களாக இருப்பதையும், சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி வரும் வடம் கீழே இறங்கி இயந்திரத்துக்குள் போவதையும் குனிந்து குனிந்து பார்த்தார். "மில்லுல அந்தக் காலத்து ரோப் டிரைவ் இப்படித்தான் மாப்ள. இதுக்கு ரெண்டு தடவை காசு கொடுத்தாலும் தகும்" என்றார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அறைக்குத் திரும்பியதும் அந்தத் தளத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். தேதி குறித்த முன்பதிவு, வராதவர்களுக்குப் பணம் திரும்பாது என்று ஒரே பதில். ஐரோப்பாவில் ஆன்லைனில் எது வாங்கினாலும் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குறிப்பிட்ட தேதிக்கான பொழுதுபோக்குச் சேவைகளுக்கு அந்த உரிமை கிடையாது. இந்த மாதிரி ஆட்களுக்கு அது நன்றாகத் தெரியும், பதிலில் அதையே எடுத்துக் காட்டியிருந்தார்கள். ஆனால் அந்த விலக்கு மனம் மாறி ரத்து செய்கிறவர்களுக்கு. விற்ற சேவையைக் கொடுக்காமலே இருப்பதற்கு அது அனுமதி இல்லை.

அதனால் வங்கி வழியாகப் போனேன். கார்டில் கட்டிய தொகைக்கு 'சேவை கிடைக்கவில்லை' என்ற காரணத்தில் தகராறு பதிவு செய்யலாம், வழக்கமாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. உங்கள் வங்கி அதைவிடக் குறைவாக வைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். வவுச்சர், வாட்ஸ்அப் உரையாடலின் படங்கள், கவுன்ட்டரில் மறுபடி வாங்கிய டிக்கெட்டின் ரசீது எல்லாவற்றையும் இணைத்தேன். எல்லாவற்றையும்விட உதவியது மாமா சும்மா எடுத்த ஒரு படம்தான். நிலையத்தின் பெயர்ப் பலகை, ஸ்டேஷன் கடிகாரம், பின்னால் ராட்டினம் மூன்றும் ஒரே படத்தில் விழுந்திருந்தன. நாங்கள் வரவில்லை என்ற பேச்சுக்கு அதைவிட வேறு பதில் தேவைப்படவில்லை. எங்கேயாவது இப்படி ஆளுக்காகக் காத்திருக்க நேர்ந்தால் கடிகாரத்தோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் இடத்திலும் ஒரு கூத்து இருக்கிறது. விலையை யூரோவில் காட்டாமல் ரூபாயில் காட்டினார்கள். நமக்கு வசதியாகத்தான் தெரியும். ஆனால் அது அவர்களே வைத்துக்கொண்ட மாற்று விகிதம், வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்று வங்கி போடும் கட்டணம் தனி. எந்தத் தளமாக இருந்தாலும் போகிற நாட்டுப் பணத்திலேயே, இங்கே என்றால் யூரோவிலேயே, கட்டுங்கள். இன்னொன்று, நம் ஊரில் போல ஓடிபி கேட்கும் என்று காத்திருக்காதீர்கள், வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி இல்லாமலே பணம் போய்விடும். தேவைப்படாத நேரத்தில் வங்கிச் செயலியில் சர்வதேச ஆன்லைன் பரிவர்த்தனையை அணைத்து வைப்பது நல்லது.

போலியை அடையாளம் காண ஒரு வழி உண்டு. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் வணிகத் தளம் நடத்துகிறவர்கள் 'இம்ப்ரெசும்' என்ற பக்கத்தில் நிறுவனத்தின் பெயர், முகவரி, பதிவு விவரம் எல்லாம் போட்டாக வேண்டும், சட்டம் அப்படி. பக்கத்தின் அடியில் அதைத் தேடுங்கள். எங்களை ஏமாற்றிய தளத்தில் ஒரு தொடர்புப் படிவம் மட்டுமே இருந்தது, அதிலும் ஊர் பெயர் இல்லை. படங்களிலும் ஒரு குழப்படி: ஒன்றில் திறந்த தொட்டிகள் தொங்கும் வேறு சின்ன ராட்டினத்தைப் போட்டிருந்தார்கள். நம்மூர் திருவிழா ராட்டினம் மாதிரி இல்லாமல் மூடிய பெரிய சிவப்புப் பெட்டிகள் இருந்தால்தான் ரீசன்ராட்.

நேரில் போவது எளிது. நகர நடுவில் ஸ்டீபன் தேவாலயம் இருக்கும் ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸில் யு1 மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிறுத்தம் பிராட்டர்ஸ்டெர்ன். வெளியே வந்தால் சில நிமிட நடை, கவுன்ட்டர் ராட்டினத்தின் காலடியிலேயே இருக்கிறது. ஆன்லைனில்தான் வேண்டும் என்றால் ராட்டினத்தின் சொந்தத் தளத்திலோ, பெயர் தெரிந்த நகரச் சுற்றுலா அட்டை மூலமாகவோ வாங்குங்கள். தேவாலயத்தின் பக்கத்தில் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் பிராட்டருக்குக் கூட்டிப் போகிறேன் என்று அழைப்பார்கள். அவர்கள் சொல்லும் விலை வண்டிக்கா, ஆளுக்கா, எத்தனை நிமிடத்துக்கு என்று ஏறும் முன் கேட்டு முடித்துக்கொள்ளச் சொல்லி விடுதியில் எச்சரித்தார்கள். நாங்கள் மெட்ரோவில்தான் போனோம்.

இப்போதைய நிலவரம்: வங்கி தொகையைத் தற்காலிகமாக வரவு வைத்திருக்கிறது, எதிர்த்தரப்பின் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். அந்தத் தளம் வேறு பெயரில், அதே படங்களோடு, அதே ஓடும் கடிகாரத்தோடு விளம்பரத்தில் வந்துகொண்டிருக்கிறது. இந்தப் பெயரில் ஷோன்ப்ரூன் அரண்மனைக்கும் சேர்த்து விற்கிறார்கள், வவுச்சரில் அதே பச்சைக் குடைதான்.