பத்தாவதுக்கு அப்புறம்: பட்டறையா, ஐடிஐயா, டிப்ளமோவா, டிகிரியா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள், சேலம் அம்மாபேட்டையில் எங்கள் எதிர்வீட்டு அக்கா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "கொலுசுப் பட்டறையில ஆள் கேக்கறாங்க தம்பி. இவன் ஐடிஐ போறேங்கறான். இவங்கப்பா டிகிரிதான் படிக்கணும்ங்கறார். நீயே ஒரு வழி சொல்லு." நான் பி.எஸ்சி. படித்தவன், என் தம்பி ஐடிஐயில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், ஃபிட்டர் படித்தவன். எங்கள் வீட்டிலேயே இரண்டு வழியையும் பார்த்துவிட்டதால் கொஞ்சம் விரிவாகவே பேசினேன்.

முதலில் பட்டறை. முதல் வாரமே கூலி கையில் வரும், அதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் கொலுசு வேலையால் தலையெடுத்த குடும்பங்கள் நிறைய. ஆனால் வெள்ளி விலை எகிறினால் ஆர்டர் குறையும், ஆர்டர் குறைந்தால் கூலியும் குறையும். இருபது வருடம் வேலை பார்த்தவரிடமும் "இவருக்கு இந்தத் தொழில் தெரியும்" என்று காட்ட ஒரு காகிதம் இருக்காது. வேறு ஊருக்கோ வேறு வேலைக்கோ போக நினைத்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐடிஐயில் அந்தக் காகிதம் கிடைக்கும். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் உண்டு. வெல்டர் ஒரு வருடம், ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் இரண்டு வருடம். முடித்ததும் சேலம் உருக்காலை, மேட்டூர் அனல்மின் நிலையம் போன்ற இடங்களில் அப்ரண்டிஸாக, அதாவது உதவித்தொகையோடு வேலை பழகுபவராக, சேர வாய்ப்பு வரும். 2019-இல் திருத்திய அப்ரண்டிஸ் விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை ஐடிஐக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 என்று வைத்தார்கள். அடிமட்டத்தில் வித்தியாசம் இவ்வளவுதான். என் தம்பி மேட்டூரில் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டிருந்தபோது நான் இரண்டாம் ஆண்டு பாடப்புத்தகத்துக்கு அப்பாவிடம் கை நீட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அப்ரண்டிஸ் முடித்தவருக்கு வேலை தந்தே ஆகவேண்டும் என்று சட்டம் எந்த ஆலையையும் கட்டாயப்படுத்துவதில்லை. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

சரி, டிகிரி? பையனின் அப்பாவுக்குப் பட்டத்தின் மேல் இருக்கும் மரியாதை எனக்குப் புரிகிறது. அதற்குக் காரணமும் உண்டு. தமிழ்நாடு காவல்துறையில் இரண்டாம் நிலைக் காவலராகப் பத்தாவது போதும், தொடக்க அடிப்படை ஊதியம் 18,200. சப்-இன்ஸ்பெக்டருக்குப் பட்டம் வேண்டும், 36,900. ஏறக்குறைய இரட்டிப்பு. வங்கி கிளார்க், தமிழ்நாடு அரசுப் பணிக்கான குரூப் 2 தேர்வு எல்லாம் பட்டம் இல்லாமல் நெருங்கவே முடியாது. பட்டம் தருவது அந்த வாசல் வரை போகும் தகுதியை மட்டும்தான். பத்தாவதே போதும் என்ற குரூப் 4 தேர்வுக்கு 2024-இல் 20 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவித்த இடங்கள் 6,244. அந்தக் கூட்டத்தில் பட்டதாரிகளும் நின்றார்கள்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு (ஐஎல்ஓ) 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2022-இல் பட்டம் பெற்ற இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 சதவீதம். படிப்பே வீண் என்று இதைப் படித்துவிடக் கூடாது. வசதி இல்லாதவர்களால் ஒரு நாள்கூட சும்மா இருக்க முடியாது, கிடைத்த கூலிக்குப் போய்விடுவார்கள். பட்டதாரி தன் படிப்புக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்கிறான். அந்தக் காத்திருப்புக்கு யார் சோறு போடுவது என்பதுதான் அம்மாபேட்டை வீடுகளில் உண்மையான கேள்வி. நான் மூன்று வருடம் காத்திருந்தேன். அந்த வருடங்களில் வீடு தம்பி சம்பளத்தில் ஓடியது.

என் ஓட்டு பாலிடெக்னிக் டிப்ளமோவுக்கு. ரயில்வேயை எடுத்துக்கொள்ளுங்கள், சேலம் கோட்டம் இங்கேதானே இருக்கிறது. ஐடிஐ முடித்தவர் டெக்னீஷியனாகச் சேர்ந்தால் அடிப்படை ஊதியம் 19,900. டிப்ளமோ முடித்தவர் ஜூனியர் இன்ஜினியர் தேர்வு எழுதலாம், அங்கே 35,400. மூன்று வருடப் படிப்புக்கு இவ்வளவு பெரிய தாவல் வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

அப்புறம், ஒரு வழியில் போனால் இன்னொன்று அடைபட்டுவிடும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அது தவறு. ஐடிஐ முடித்தவர் டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம். கூட்டிப் பாருங்கள்: பிளஸ் டூ வழியாகப் போனால் பி.இ. முடிக்க ஆறு வருடம். டிப்ளமோ வழியாகப் போனாலும் ஆறு. ஐடிஐயிலிருந்து ஏறினால் இரண்டு, இரண்டு, மூன்று என ஏழு. ஒரே ஒரு வருடம்தான் கூடுதல், நடுவில் எந்தப் படியில் நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

ஏற்காடு மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் கணக்கு வேறு. இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி தினமும் படித்துவிட்டுத் திரும்புவது ஆகாத காரியம். அவர்கள் எந்தப் படிப்பு என்பதற்கு முன் எங்கே ஹாஸ்டல் கிடைக்கும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவ்வளவு வருசம் பணம்?" என்றார். பையன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் டிகிரி, டிப்ளமோ, ஐடிஐ எதில் சேர்ந்தாலும் மாதம் 1,000 ரூபாய் வரும் என்றேன். அவன் தங்கைக்கு நாளைக்கு, மாணவிகளுக்கான இதேபோன்ற புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. அதுவரை வாய் திறக்காமல் இருந்த பையன், "அண்ணா, டிப்ளமோவுல எலக்ட்ரிகல் கிடைக்குமா?" என்றான். மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை அவனோடு நானும் விண்ணப்பம் போடப் போகிறேன்.