249 ரூபாய் தக்காளி டைமர்: ஆன்லைன் வகுப்பில் ஆரம்பித்தது, இன்னும் ஓடுகிறது

பாத்திரக் கடையில் கிடைக்கும் சாதாரண சமையலறை டைமர்தான். தக்காளி வடிவம், பேட்டரி கிடையாது, கையால் முறுக்க வேண்டும். 2020-இல் பி.காம். இரண்டாம் ஆண்டு முழுக்க வீட்டிலேயே நடந்தபோது வாங்கினேன். அப்போது வகுப்பு, நோட்ஸ், அசைன்மென்ட், வாட்ஸ்அப் குரூப், கிரிக்கெட் ஸ்கோர் எல்லாமே ஒரே போனில். மணி என்ன என்று பார்க்க போனை எடுத்தால் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கீழே வைப்பேன், அதுவும் மணி பார்க்காமலே.

டைமர் வைத்துச் சுற்றுச் சுற்றாகப் படிக்கும் இந்த முறைக்குப் பொமோடோரோ என்று பெயர். 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர், கல்லூரியில் படித்தபோது இதே மாதிரி தக்காளி டைமரை வைத்துத்தான் ஆரம்பித்தார். அவர்கள் மொழியில் பொமோடோரோ என்றால் தக்காளி. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று போனால் கொஞ்சம் நீண்ட ஓய்வு.

நேரலை வகுப்புக்கு இது பிரயோஜனமில்லை, அங்கே நேரம் நம் கையில் இல்லை. 'அப்புறம் பார்க்கலாம்' என்று சேர்த்து வைத்த ரெக்கார்டிங்குகளுக்கும் அசைன்மென்ட்டுக்கும்தான் கைகொடுத்தது. காஸ்ட் அக்கவுன்டிங்கில் ஐந்து கணக்கு, அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று இரவு பதினொன்றுக்கு உட்காருவேன். டைமர் வைத்துப் போட்டபோதுதான் தெரிந்தது, மூன்று சுற்று முழுசாகப் போகிறது! அதற்கப்புறம் சாயங்காலமே உட்கார ஆரம்பித்தேன். 2021 தொடக்கத்தில் அரசு கொடுத்த தினம் 2 ஜிபி டேட்டா தீருவதற்குள் ரெக்கார்டிங் பார்க்கவும் இதே கணக்குதான் உதவியது.

சரி, குறைகள். டிக் டிக் சத்தம் அதிகம். ஒருமுறை மைக்கை அணைக்க மறந்துவிட்டேன், "யாருப்பா அது, வீட்ல பாம் வெச்சிருக்கீங்களா?" என்று சார் கேட்டார். பின்னால் இருக்கும் காந்தம் பீரோவில் ஒரு வாரம்தான் நின்றது. 25-இல் வைத்தால் இருபத்து மூன்றரையிலேயே மணி அடிக்கும். நேராக 25-க்குத் திருப்பினால் பாதியில் நின்றும் போகும், முதலில் 60 வரை முறுக்கிவிட்டுப் பின்னால் கொண்டுவர வேண்டும், இதை அட்டைப்பெட்டியில் எங்கேயும் போடவில்லை.

இப்போது தொலைநிலையில் எம்.காம். சேர்ந்திருக்கிறேன், டைமரோ அம்மாவின் இட்லிக்குப் போய்விட்டது, இன்னொன்று வாங்க வேண்டும். நீங்கள் வாங்குவதானால் கடையிலேயே முறுக்கி ஒரு நிமிடம் காதில் வைத்துக் கேளுங்கள். ஐந்துக்கு மூன்றரை.