மீன்தொட்டிக் குழாய் கசிந்தால்: சிலிக்கானா, டேப்பா, சொல்யூஷனா?

மீன்தொட்டிக் குழாயில் சொட்டு விழுவதைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் தேடுவது சிலிக்கானைத்தான். தொட்டியின் கண்ணாடிகளையே அது தாங்கி நிற்கும்போது குழாய்க்குப் போதாதா என்ற நம்பிக்கை. என் கணிப்பில், குழாய்க் கசிவுக்குக் கடைசியாக எடுக்க வேண்டிய பொருள் அதுதான்.

சிலிக்கான் கண்ணாடியை விடாமல் பிடிக்கும். வழவழப்பான பிவிசியில் அந்தப் பிடிப்பு வராது. காய்ந்த பிறகு ஓரத்தை நெம்பினால் பட்டையாக உரிந்து வந்துவிடும். மோட்டார் ஓடும்போது குழாயில் எப்போதும் மெல்லிய அதிர்வு இருக்கும். உள்ளே நீரின் அழுத்தமும் சேர்ந்துகொண்டால் மேலே பூசியது எவ்வளவு தடிமனாக இருந்தாலும் ஒரு நாள் விலகும். மறுபடி பூசலாம் என்றால், காய்ந்த சிலிக்கான் மேல் புதிய சிலிக்கான் சரியாக ஒட்டாது. காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி வெளியிலிருந்து உள்ளே காய்வதால் ஒரு நாளில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் கெட்டிப்பட்டாலே பெரிது. அதுவரை மோட்டார் நிற்க வேண்டும். பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்து விற்கும் பாத்ரூம் சிலிக்கானை மீன் இருக்கும் தண்ணீர் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

டெஃப்லான் டேப்பின் வேலை வேறு. மரை உள்ள இணைப்புக்கு மட்டும்தான் அது. அங்கே அதற்கு நிகராக எதுவும் இல்லை: மலிவு, தண்ணீரில் எதையும் கலக்காது, காயக் காத்திருக்க வேண்டாம், பிறகு கழற்றவும் முடியும். மரையின் முனையை உங்கள் பக்கம் பார்க்க வைத்துக் கடிகாரம் சுற்றும் திசையில் மூன்று நான்கு சுற்று சுற்றினால், இறுக்கும்போது பிரியாது. அதிகமாகச் சுற்றி ஸ்பேனர் போட்டு முறுக்கினால் மரையை வெளியிலிருந்து கவ்வும் பிளாஸ்டிக் ஃபிட்டிங் விரிசல் விடும். அப்புறம் அந்தத் துண்டையே மாற்ற வேண்டியதுதான்.

கண்ணாடியில் துளையிட்டுப் பொருத்தும் டேங்க் நிப்பிளிலும் மரை இருப்பதால் அதிலும் டேப் சுற்றுபவர்கள் உண்டு. அது வீண் வேலை. அங்கே தண்ணீரைத் தடுப்பது ரப்பர் வாஷர். தொட்டிக்கு உள்ளே, நிப்பிளின் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே அது உட்கார்ந்திருக்க வேண்டும். வெளிப்பக்க நட்டைக் கையால் இறுக்கி, மேற்கொண்டு கால் சுற்று போதும். கண்ணாடி விரிசல் விடுவது பெரும்பாலும் அதற்கு மேல் போகும்போதுதான். வாஷர் நெகிழ்வில்லாமல் கெட்டிப்பட்டுப் போயிருந்தால் புதிது போடுங்கள். தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா வடிகட்டியான கேனிஸ்டர் ஃபில்டரின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்துக்கும் இதே கதை. அதற்குத் தடவ வேண்டியது சிலிக்கான் கிரீஸ். பெட்ரோலியம் ஜெல்லி சில வகை ரப்பரை உப்ப வைத்துவிடும்.

ஒட்டிய இணைப்பு கசிந்தால்தான் கேள்வி கடினமாகிறது. பிளம்பர்கள் சொல்யூஷன் என்று சொல்லும் பிவிசி பசை, சாதாரணப் பசைபோல நடுவில் நின்று பிடிப்பதில்லை. இரண்டு பிளாஸ்டிக் பரப்புகளையும் கொஞ்சம் கரைத்து ஒன்றோடொன்று கலக்கச் செய்கிறது. அதனால்தான் அந்த இணைப்பு அத்தனை உறுதி. அதே காரணத்தால், கசியும் இணைப்பின் வெளியே அதைத் தடவிப் பயனில்லை. உள்ளே ஈரம் இருக்கிறது, இடைவெளியை நிரப்பும் தன்மையும் அதற்குக் கிடையாது. அந்த இடத்தை வெட்டி எடுத்து, காய்ந்த குழாயில் புது எல்போவோ கப்ளரோ போட்டு ஒட்டுவதே வழி. குழாய் சுடுதண்ணீருக்குப் போடும் சிபிவிசி வகை என்றால் அதற்கான சொல்யூஷன் தனி. டப்பாவில் போட்டிருக்கும் நேரம் எவ்வளவானாலும், மீன் இருக்கும் தொட்டிக்கு நான் ஓர் இரவு விடுவேன். பிறகு குழாயை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு இணைப்பேன். வெட்டும்போதே அங்கே ஒரு யூனியனும், அதாவது கையால் கழற்றி மாட்டக்கூடிய இணைப்பும், வைத்துவிடுங்கள். அடுத்த முறை ரம்பம் எடுக்க வேண்டாம்.

எம்-சீல் என்று பொதுப்பெயராகவே ஆகிவிட்ட எபாக்ஸி மாவுக்கு ஓர் இடம் உண்டு: கடை மூடிய இரவு. உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய குழாயில் அது பிடிக்கும். தொட்டியிலிருந்து, கீழே வடிகட்டவும் மோட்டார் வைக்கவும் இருக்கும் சம்பு என்ற துணைத்தொட்டிக்குத் தானாக இறங்கும் வடிகுழாயில் அழுத்தம் குறைவு, அங்கே சில காலம் தாங்கவும் செய்யலாம். மோட்டாரிலிருந்து மேலேறும் குழாயில் அதை நம்ப மாட்டேன். பித்தளை ஃபிட்டிங் போட்டால் தீர்ந்தது என்று யோசனை சொல்வார்கள். இறால், பவளம் வளர்ப்பவர்கள் கேட்காதீர்கள். அதிலிருந்து கரையும் தாமிரம் அவற்றுக்கு விஷம்.

சொட்டுதானே என்று விட்டுவைப்பதும் ஒரு தேர்வாகவே பல வீடுகளில் நடக்கிறது. நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளுக்கு நாலு லிட்டருக்கு மேல் போகும். சம்பு உள்ள அமைப்பில் மேல் தொட்டியின் மட்டம் அப்படியே இருக்கும். சம்புக்குள் மோட்டார் இருக்கும் தடுப்பில்தான் தண்ணீர் குறையும். அது வறண்டால் மோட்டார் கருகும். கீழே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் இன்னும் ஆபத்து.

எந்த வழியானாலும் ஃபில்டர் நிற்கும் நேரத்தைக் கணக்கில் எடுங்கள். மூடிய கேனிஸ்டருக்குள் நீரோட்டம் நின்றால் ஆக்சிஜன் தீர்ந்து மீன் கழிவைச் சுத்திகரிக்கும் நல்ல பாக்டீரியாக்கள் சாகத் தொடங்கும். இரவு முழுவதும் நிறுத்துவதாக இருந்தால் அவை தங்கியிருக்கும் ஸ்பாஞ்சையும் செராமிக் வளையங்களையும் எடுத்துத் தொட்டியிலேயே போட்டு ஏர் பம்பை ஓட விடுங்கள். மறுபடி ஓட்டும்போது ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ தாளைச் சுற்றி வையுங்கள். மோட்டாரை ஓரிரு முறை அணைத்துப் போட்டும் பாருங்கள். கரண்ட் போய் வரும்போது ஏற்படும் அழுத்த மாற்றத்தில் மட்டும் கசியும் இணைப்புகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஈரமும் தாளில் தெரிந்துவிடும்.